வரி கட்டுகிறோம், கணக்கு யாரிடம் கேட்பது? வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சொத்துவரியைப் பற்றியவை. அரையாண்டுக் கெடு நெருங்குவதால் இருக்கலாம். சிலர் ரசீதின் ஜெராக்ஸையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள், ஒருவர் தன் வீட்டின் படத்தை அளவுகளோடு கையாலேயே வரைந்து அனுப்பியிருக்கிறார். நகராட்சிக் கணக்குப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யாருடைய பெயரையும் ஊரையும் போடவில்லை.

கேள்வி: ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே மேஸ்திரி கட்டியவை, அளவும் ஒன்றுதான். 2022ல் வரியைக் கூட்டியபோது அவர்களுக்கு 50 சதவீதம் ஏறியது, எங்களுக்கு 75 சதவீதம். கேட்டால் "கம்ப்யூட்டர்ல அப்படித்தாம்மா இருக்கு" என்கிறார்கள். இது எப்படி நியாயம்?

பதில்: அம்மா, நீங்கள் அனுப்பிய ரசீதைப் பார்த்தேன். அதில் கட்டடப் பரப்பு 1,215 சதுர அடி என்று போட்டிருக்கிறது. சிக்கல் அந்த எண்ணில்தான். 2022 ஏப்ரலில் வந்த உயர்வில் குடியிருப்புகளை நாலாகப் பிரித்தார்கள். 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கு மேல் 100. (சென்னையின் பழைய பகுதிகளுக்கு மட்டும் இது 50, 75, 100, 150 என்று இருந்தது.) 1,200ஐத் தாண்டிய அந்த 15 சதுர அடிக்கு மட்டும் 75 சதவீதம் என்று நினைத்துவிடாதீர்கள், மொத்த வரிக்கும் 75 சதவீதம். அரையாண்டுக்கு 1,600 ரூபாய் கட்டிய வீடு 1,200க்குள் இருந்தால் 2,400 கட்டும், ஓர் அடி தாண்டினால் 2,800 கட்டும். வருடத்துக்கு 800 ரூபாய் வித்தியாசம், அதுவும் வருடா வருடம் தொடரும்.

பணியில் இருந்தபோது இதே மாதிரி ஒரு வீட்டுக்கு நானே டேப்போடு போயிருக்கிறேன். வீட்டுக்காரப் பெரியவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அறை அறையாக அளந்து பேப்பரில் எழுதிக்கொண்டே வந்தோம். எவ்வளவு கூட்டியும் 1,185க்கு மேல் வரவில்லை, ஆனால் பதிவேட்டில் 1,225 இருந்தது. பழைய அளவீட்டுத் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு மேல் பத்துக்கு நாலு அடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள், அந்த 40 சதுர அடியும் கட்டடக் கணக்கில் ஏறியிருந்தது. கொட்டகையைப் பிரித்தே ஐந்து வருடம் ஆகியிருந்தது. தாளில் மட்டும் அது அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அதனால் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, உங்கள் வரிவிதிப்பு எண்ணைக் குறிப்பிட்டு அளவீட்டுத் தாளின் நகலைக் கேட்பது. தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு போடுங்கள், 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். நகல் கைக்கு வந்ததும் வீட்டை அளந்து ஒப்பிடுங்கள். தவறு தெரிந்தால் மறு அளவீடு கேட்டு கமிஷனருக்கு மனு எழுதி, ஒப்புகைச் சீட்டைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். மனு கொடுத்துவிட்டோம் என்று வரியைக் கட்டாமல் விட வேண்டாம். தாமதத்துக்கு மாதம் 1 சதவீதம் வட்டி சேரும். கட்டிவிட்டு, கூடுதலாகக் கட்டியதை அடுத்த அரையாண்டில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. உங்கள் கோபத்தின் பாதி இந்த 15 சதுர அடியால் வந்தது, மீதிப் பாதி ஒரே அடியாக ஏற்றியதால் வந்தது. அந்தக் கோபம் சரியானது. சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற நகரங்களில் 2008க்குப் பிறகும், எல்லாக் கட்டடங்களின் வரியையும் திருத்துகிற பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 2018ல் கூட்டினார்கள், 2019 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிற நேரத்தில் அதை நிறுத்திவைத்தார்கள். அப்புறம், மத்திய அரசின் வரிப் பணத்தை மாநிலங்களுக்குப் பிரித்துத் தரப் பரிந்துரைக்கும் 15வது நிதிக்குழு, சொத்துவரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவித்து வசூலையும் கூட்டிக் காட்டும் மாநிலங்களின் நகரங்களுக்குத்தான் மானியம் என்று நிபந்தனை போட்டதும், 2022ல் மொத்தமாக ஏற்றினார்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று சதவீதமாக ஏறியிருந்தால் ஒரு பென்ஷன்காரர் தன் செலவை அதற்கேற்ப ஓட்டியிருப்பார். ஏற்ற வேண்டிய வருடங்களில் ஓட்டை நினைத்து ஏற்றாமல் இருந்தவர்கள் அரசாங்கத்தில் இருந்தவர்கள், சுமை மட்டும் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது. 2023ல் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகளில் வருடந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த வழி வைத்திருக்கிறார்கள், 2024ல் வந்த 6 சதவீத உயர்வு அப்படி வந்ததுதான். கசப்பாக இருந்தாலும் முறை என்று பார்த்தால் இதுவே மேல் என்பது என் அபிப்பிராயம். ஆனால் வருடா வருடம் வரியைக் கூட்டுகிறவர்கள் வருடா வருடம் கணக்கையும் காட்ட வேண்டும்.

கேள்வி: அண்ணா, எங்கள் தெருவுக்கு ரோடு போட்டு எட்டு வருடம் ஆகிறது. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள், அப்படியே மூடிவிட்டுப் போனார்கள். மழை வந்தால் பைக்கைத் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். கவுன்சிலரைக் கேட்டால் "நிதி இல்லை தம்பி" என்கிறார். எல்லாரும் வரி கட்டுகிறோம், அந்தக் காசெல்லாம் எங்கேதான் போகிறது?

பதில்: தம்பி, "நிதி இல்லை" என்பது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள நகராட்சிப் பணம் எந்தப் பையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நீங்கள் கட்டுகிற வரி ஒரே உண்டியலில் விழுவதில்லை. பொது வரி என்கிற பகுதி வருவாய் மற்றும் மூலதன நிதிக்குப் போகிறது. தண்ணீர், வடிகாலுக்கான பகுதி குடிநீர் மற்றும் வடிகால் நிதிக்கு. கல்வி வரி ஆரம்பக் கல்வி நிதிக்கு. நூலக வரி நகராட்சிக்குச் சொந்தமே இல்லை, வசூலித்து அனுப்பிவிட வேண்டும். குடிநீர் நிதியில் பணம் இருக்கிறது என்பதற்காக அதை எடுத்து ரோடு போட முடியாது, பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஒதுக்கியதை எடுத்துத் தெருவிளக்கு போட முடியாது.

வெளியிலிருந்து வரும் பணமும் அப்படித்தான். மாநில அரசின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதி ஆணையப் பங்காக எல்லா உள்ளாட்சிகளுக்கும் பிரித்துத் தரப்படுகிறது. உங்கள் ஊரில் யாராவது மனை வாங்கிப் பத்திரம் பதிந்தால் முத்திரைக் கட்டணத்தோடு வாங்கும் 2 சதவீத கூடுதல் வரியும் உள்ளாட்சிக்கு உரியது. 15வது நிதிக்குழு மானியத்தில் நகராட்சி, பேரூராட்சிகளுக்கு வருவதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும்தான் செலவு செய்யலாம் என்று கட்டிப்போட்டிருந்தார்கள். ஆக, ரோடு போடக்கூடிய பணம் என்பது பொது நிதியில் மிஞ்சுவதும், குறிப்பிட்ட திட்டங்களில் வருவதும்தான்.

பொது நிதியில் என்ன மிஞ்சும்? சம்பளம், ஓய்வூதியப் பங்கு, ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களுக்கான தொகை, குப்பை வண்டிக்கு டீசல், தெருவிளக்கு மின்கட்டணம், பழைய கடனுக்குத் தவணை, இவையெல்லாம் போனது போகத்தான். அந்தப் பக்கம் குடிநீர் நிதி பற்றாமல் போனால் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தர வேண்டியதும், மோட்டாருக்கான மின்கட்டணமும் நிலுவை நிற்கும். பல வருடம் இந்தக் கணக்கை எழுதியவன் நான். மார்ச் மாதம் பில்களை அடுக்கி வைத்துக்கொண்டு எதை இந்த மாதம் கொடுப்பது, எதை அடுத்த மாதம் தள்ளுவது என்று கணக்காளரும் மேலாளரும் மண்டையை உடைத்துக்கொள்வதை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த அளவில் உங்கள் கவுன்சிலர் பொய் சொல்லவில்லை.

ஆனால் உங்கள் தெரு விஷயத்தில் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது. ஒன்று, தெருவைத் தோண்டியது யார்? பாதாளச் சாக்கடைத் திட்டத்தில் தோண்டியிருந்தால் அந்தத் திட்ட மதிப்பீட்டிலேயே சாலை சீரமைப்புக்கு ஒரு தொகை சேர்த்திருக்கிறார்களா, அது எவ்வளவு, ஒப்பந்தக்காரர் அந்த வேலையை முடித்ததாக எழுதிப் பில் வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். கேபிள் கம்பெனியோ வேறு துறையோ தோண்டியிருந்தால் சாலை வெட்டுக் கட்டணம் என்று முன்கூட்டியே நகராட்சியில் கட்டியிருக்க வேண்டும். எந்தத் தெருவுக்காக வாங்கியது என்று அதற்குப் பதிவு உண்டு. அந்தப் பணம் உங்கள் தெருவின் பணம்.

இரண்டாவது, உங்கள் தெரு எந்தப் படியில் நிற்கிறது? ஒரு ரோடு வர வேண்டுமென்றால் பொறியாளர் பிரிவு எஸ்டிமேட் போட வேண்டும், மன்றத்தில் தீர்மானம் ஆக வேண்டும், டெண்டர் விட வேண்டும், வேலை உத்தரவு கொடுக்க வேண்டும். "ரோடு எப்போது வரும்" என்று கேட்டால் "சீக்கிரம்" என்றுதான் பதில் வரும். "எஸ்டிமேட் போட்டாயிற்றா, எந்தத் தேதி, எவ்வளவு தொகை, எந்த நிதியில்?" என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்கிறவர் ஃபைலைத் திறந்தே ஆக வேண்டும்.

அப்புறம், பட்ஜெட் புத்தகத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் நேராக மூன்று எண் இருக்கும்: போன வருடத்தின் அசல் கணக்கு, நடக்கிற வருடத்தின் திருத்திய மதிப்பீடு, வரப்போகிற வருடத்தின் மதிப்பீடு. மேடையில் படிப்பதும் பேப்பரில் வருவதும் மூன்றாவது எண். நீங்கள் முதல் எண்ணைப் பாருங்கள். சாலைக்கு இரண்டு கோடி என்று அறிவித்து, வருடக் கடைசியில் அறுபது லட்சம்தான் செலவாகியிருக்கிறது என்றால் அந்த ஊரில் எதற்கு முதலிடம் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: அப்பா பெயரில் உள்ள வீட்டுக்கு முப்பது வருடமாக நான்தான் வரி கட்டுகிறேன், ரசீதும் என் பெயருக்கு மாறிவிட்டது. வீடு எனக்குச் சொந்தம்தானே?

பதில்: இல்லை. சொத்துவரி ரசீது நீங்கள் வரி கட்டியதற்கு அத்தாட்சி, வீட்டின் உரிமைக்கு அத்தாட்சி ஆகாது. பத்திரம், பட்டா, வாரிசு உரிமை இவைதான் பேசும். கூடப் பிறந்தவர்கள் இருந்தால் உட்கார்ந்து பேசி, அவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பாகப்பிரிவினையோ பதிந்துகொள்ளுங்கள், உறவு நன்றாக இருக்கும்போதே.

கேள்வி: சொத்துவரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். எங்கள் ஊர் நூலகத்தில் இரண்டு ஃபேனில் ஒன்று ஓடவில்லை, புதுப் புத்தகம் வந்து வெகு நாளாகிறது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் வாசல்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வரி எதற்கு?

பதில்: படிக்கவே வருத்தமாக இருந்தது. ஏனென்றால் இந்த வரிக்குப் பின்னால் நாம் பெருமைப்பட வேண்டிய கதை ஒன்று உண்டு. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம் சென்னை மாகாணத்தில் 1948ல் வந்தது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் அதற்காகப் பல வருடம் முயன்றார், அப்போது கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் சட்டமாக்கினார். ஊர் மக்கள் கட்டும் வீட்டுவரியோடு சிறு தொகை சேர்த்து வாங்கி, அதிலேயே அந்த மாவட்டத்து நூலகங்களை நடத்துவது என்பதுதான் ஏற்பாடு. இப்போது ரூபாய்க்கு 10 காசு.

உள்ளாட்சி இதை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். நடைமுறையில் பல உள்ளாட்சிகள் கையில் காசு தட்டுப்படும்போது நூலகப் பணத்தை அனுப்பாமல் நிலுவை வைக்கின்றன. நூலக ஆணைக்குழுவில் கேட்டால் உள்ளாட்சியிலிருந்து பணம் வரவில்லை என்பார்கள். அதனால் நகராட்சியிடம் இரண்டே விவரம் கேளுங்கள்: கடந்த மூன்று வருடத்தில் நூலக வரியாக வசூலித்தது எவ்வளவு, அதில் அனுப்பியது எவ்வளவு. இரண்டுக்கும் இடையில் இருப்பதில்தான் உங்கள் ஃபேன் நின்றிருக்கிறது. அந்தப் பிள்ளைகளையே மனு எழுத வையுங்கள். தேர்வில் உள்ளாட்சி நிர்வாகம் பற்றியும் கேள்வி வருகிறது, இதைவிட நல்ல பாடம் கிடையாது.

கேள்வி: முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டு என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மை. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் மாதமும் அக்டோபர் மாதமும், கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். பழைய பாக்கி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் ஊராட்சியைப் பக்கத்து மாநகராட்சியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நான் நூறு நாள் வேலைக்குப் போகிறவள். வீட்டுவரி பல மடங்கு ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று ஊரில் எல்லாரும் பயப்படுகிறார்கள். சேர்ந்தால் நல்லதா கெட்டதா?

பதில்: அம்மா, உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நூறு நாள் வேலை என்று நாம் சொல்கிற ஊரக வேலைத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான். ஊராட்சி இல்லாமல் போனால் அந்த வேலையும் இல்லை, ஊரக வீட்டு வசதித் திட்டமும் இல்லை. வரியும் கட்டணமும் நாளடைவில் நகர விகிதத்துக்கு வந்தே தீரும். 2024 ஆகஸ்டில் புதுக்கோட்டை, திருவண்ணாமலை, நாமக்கல், காரைக்குடி ஆகியவை மாநகராட்சிகள் ஆனதையும் சேர்த்து மாநிலத்தில் 25 மாநகராட்சிகள் இருக்கின்றன. இணைப்புப் பேச்சு வந்த இடங்களில் ஊராட்சி மக்கள் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனுக் கொடுத்ததும் மறியல் செய்ததும் இதே காரணங்களுக்காகத்தான்.

நல்லது என்ன என்றால், நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளில் வீட்டுமனைகள் பெருகிவிட்டன, சாக்கடை, குப்பை, குடிநீர் எல்லாம் ஊராட்சியின் கைக்கு மீறிப் போய்விட்டன. குப்பையை ஏரிக்கரையில் கொட்டி எரிக்கிற ஊராட்சிகளை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊருக்கு இணைப்பு உதவலாம், ஆனால் பைப்பும் வடிகாலும் அடுத்த நாளே வந்துவிடாது, வருடங்கள் ஆகும்.

உங்களுக்கு என் யோசனை இதுதான். உங்கள் ஊரில் எத்தனை வீடு விவசாயத்தையும் நூறு நாள் வேலையையும் நம்பி இருக்கிறது என்று நீங்களே தெருத்தெருவாக எண்ணி எழுதுங்கள். அந்தக் கணக்கோடு கிராம சபையில் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபை உண்டு. ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் இருந்தாலும் கேளுங்கள், சபை மக்களுடையது. இணைப்புக்கு முதல் அறிவிப்பு வந்தால் ஆட்சேபனை சொல்லக் கெடு கொடுப்பார்கள். அந்தக் கெடுவுக்குள் எழுத்தில், ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். ஐந்நூறு பேர் மறியல் செய்தால் பேப்பரில் படம் வரும், ஐந்நூறு கையெழுத்திட்ட மனு ஃபைலில் இருந்தால் நாளைக்கு நீதிமன்றத்திலும் பேசும்.

கேள்வி: மதுரை மாநகராட்சியில் பெரிய கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துக் கணினியில் ஏற்றி மோசடி செய்தார்கள் என்று 2025ல் செய்தி வந்ததே. அதைப் படித்த பிறகு ஒழுங்காக வரி கட்டுகிற நான் ஏமாளியோ என்று தோன்றுகிறது. கட்டத்தான் வேண்டுமா?

பதில்: கட்டத்தான் வேண்டும். உங்கள் மனக்கொதிப்பு எனக்குப் புரிகிறது, அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அதிகாரிகளின் பாஸ்வேர்டைப் பயன்படுத்தி வரித்தொகையைக் குறைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கைதுகள் நடந்தன, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை வழக்கு போனது, மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள், பிறகு மேயரும் விலகினார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

நான் கவனிக்கச் சொல்வது வேறு. பழைய காலத்தில் வரிவிதிப்புப் பதிவேடு என்று தடிமனாக ஒரு புத்தகம் இருக்கும். ஒரு தொகையைத் திருத்தினால் அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, ஆணை எண் எழுத வேண்டும். பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் சிவப்பு மையில் அந்த அடித்தல் தெரியும். கணினி வந்தது நல்லதுதான், ஆனால் திருத்தியது யார், எந்த நாள், எந்த ஆணையின் பேரில் என்ற அந்தச் சிவப்பு மை மக்கள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது. ஒவ்வொரு வார்டிலும் வணிகக் கட்டடங்களின் பரப்பையும் வரியையும் பட்டியலாக வெளியில் ஒட்டினால் போதும், எதிர்க்கடைக்காரரே சொல்லிவிடுவார் இது ஆயிரம் அடி இல்லை மூவாயிரம் அடி என்று. கோடி ரூபாய்க் கட்டடம் கட்டாத வரியைத்தான் 600 சதுர அடி வீட்டின் மேல் ஏற்றுகிறார்கள். நீங்களும் கட்டாமல் விட்டால் அந்தப் பாரம் உங்களைவிட ஏழையான ஒருவர் மேல் போய் விழும்.

கேள்வி: நகரங்களிலும் கிராம சபை மாதிரி கூட்டம் உண்டு என்கிறார்களே? எங்கள் வார்டில் நடந்ததாகவே தெரியவில்லை. நடந்தால் போய் என்ன பேசுவது?

பதில்: உண்டு. பெயர் பகுதி சபை. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரியில்தான் அடுத்த தேர்தல் நடந்தது. ஐந்து வருடத்துக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்களே பட்ஜெட் போட்டார்கள். தேர்தல் முடிந்த அதே வருடம் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் வந்து பேசலாம் என்பது ஏற்பாடு. முதல் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. அதற்குப் பிறகு சில ஊர்களில் ஒழுங்காக நடக்கிறது, பல ஊர்களில் ஒரு பந்தலும் பத்து ஆட்களும் ஒரு போட்டோவுமாக முடிந்துவிடுகிறது.

எப்போது, எங்கே கூட்டம் என்று வார்டு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் குழுவில் தெருவுக்கே தெரிவியுங்கள். போய் "எங்கள் ஏரியாவைக் கவனிக்கவே மாட்டேன் என்கிறார்கள்" என்று பொதுவாகப் பேசினால் மைக்கை வாங்கிவிடுவார்கள். எங்கள் தெருவில் இருக்கும் நண்பர் ஒருவர் அழகாக ஒன்று செய்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று பேரோடு வார்டு முழுக்க நடந்தார், எரியாத தெருவிளக்குகளின் கம்ப எண்களை எழுதினார். மொத்தம் பதினேழு. சபையில் எழுந்து அந்தப் பதினேழு எண்ணையும் நிதானமாகப் படித்தார், வேறொன்றும் பேசவில்லை. பக்கத்தில் நின்ற உதவிப் பொறியாளர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். அந்த வாரமே பதினாலு எரிந்தது.

விளக்கு, குப்பை இவற்றைத் தாண்டி பட்ஜெட்டைப் பற்றியும் பேசுங்கள். ஜனவரி, பிப்ரவரியிலேயே பட்ஜெட் தயாராகிவிடும், மார்ச்சில் மன்றத்தில் படிக்கும்போது கை தட்டத்தான் முடியும். அதனால் டிசம்பரிலேயே உங்கள் வார்டுக்கு வேண்டிய வேலைகளை மூன்றே மூன்று என்று வரிசைப்படுத்தி, சபையின் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். கூடவே இந்த வார்டில் மொத்தம் எவ்வளவு சொத்துவரி வசூலானது, எவ்வளவு இங்கே செலவானது என்று கேளுங்கள். எல்லா வார்டுக்கும் வசூலித்ததை அப்படியே திருப்பித் தர முடியாது, தரவும் கூடாது. குடிசைகள் உள்ள வார்டில் வசூல் குறைவாகவும் தேவை அதிகமாகவும்தான் இருக்கும். ஆனால் கணக்கு தெரிய வேண்டும்.

இதில் நமக்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1680களில் சென்னைப் பட்டணத்தில் கோட்டைக்கு வெளியே இருந்த மக்களிடம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வரி கேட்டபோது கொடுக்க மாட்டோம் என்று எதிர்த்தார்கள். லண்டனில் கம்பெனித் தலைவராக இருந்த ஜோசையா சைல்டு யோசித்தார்: நாம் அதிகாரத்தால் போடும் வரிக்கு ஆறு பென்ஸ் கொடுக்கத் தயங்குகிற மக்கள், தங்களவர்களே கூடிப் போடும் வரிக்கு ஐந்து ஷில்லிங்கும் மனமுவந்து கொடுப்பார்கள். அந்த எண்ணமும் சேர்ந்துதான் 1688 செப்டம்பர் 29ல் சென்னை மாநகராட்சி பிறந்தது. வியாபாரக் கம்பெனியின் சுயநலக் கணக்குதான், ஆனாலும் மக்கள் மனதைச் சரியாகப் படித்திருக்கிறார். 300 வருடத்துக்கு மேல் ஆகியும் வரியை மட்டும் நம்மிடம் கேட்கிறார்கள், யோசனையைக் கேட்பதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

கேள்வி: அண்ணா, கணவர் இறந்த பிறகு வீட்டின் முன் அறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்து விற்கிறேன். அளவெடுக்க வந்தவர் வாசலில் இருந்த போர்டைப் பார்த்துவிட்டு வீடு முழுவதையும் வணிகக் கட்டடம் என்று எழுதிவிட்டார். வரி நாலு மடங்காகிவிட்டது. மாவு விற்று வரும் காசில் இதை எப்படிக் கட்டுவேன்?

பதில்: தங்கச்சி, பயப்படாதே. ஒரே கட்டடத்தில் ஒரு பகுதி குடியிருப்பாகவும் ஒரு பகுதி கடையாகவும் இருந்தால் அந்தந்தப் பகுதியை அதனதன் பயன்பாட்டுக்கு ஏற்பத் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். முன் அறை பத்துக்கு எட்டு என்று எழுதியிருக்கிறாய், அப்படியானால் 80 சதுர அடிதான் வணிகம், மீதியெல்லாம் நீயும் குழந்தைகளும் தூங்கி எழுகிற வீடு. ஒரு வெள்ளைத் தாளில் வீட்டின் படத்தை வரைந்துகொள், கிரைண்டர் இருக்கும் அறையை மட்டும் பென்சிலால் நிழல் போட்டுக் காட்டு, ஒவ்வோர் அறையின் நீள அகலத்தையும் எழுது. அதோடு பழைய வரி ரசீது, புது நோட்டீஸ், ரேஷன் கார்டு நகல், அறைகளின் இரண்டு மூன்று போட்டோ இவற்றை இணைத்து, பயன்பாட்டைத் திருத்தக் கோரி கமிஷனருக்கு மனு கொடு. நோட்டீஸில் ஆட்சேபனைக்கு என்று ஒரு கெடு தேதி இருக்கும், அதற்கு முன்பே கொடுத்துவிடு. மனுவின் நகலில் சீல் வாங்கு. மறு அளவீட்டுக்கு வரும் நாளில் பக்கத்து வீட்டு அக்கா யாரையாவது கூட வைத்துக்கொள், டேப்பின் மறுமுனையை நீயே பிடி, அவர்கள் எழுதும் எண்ணை நீயும் எழுது. அங்கே முடியாவிட்டால் வரி மேல்முறையீடு இருக்கிறது, அதற்கான மனுவை நான் எழுதித் தருகிறேன். நோட்டீஸின் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துப் பத்திரிகை முகவரிக்கு இந்த வாரமே அனுப்பு.